வேலை பார்த்துக்கொண்டே ‘வணிகமும் மனித உரிமைகளும்’ படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்முதல் பிரிவு, மனிதவளம், தணிக்கை, சட்டப் பிரிவு, தொழிற்சங்கம், தொண்டு நிறுவனம் என்று பல திசைகளிலிருந்தும் இந்தப் படிப்புக்கு ஆட்கள் வருகிறார்கள். பகலில் வேலை, இரவிலும் வார இறுதியிலும் படிப்பு. எங்கிருந்து வந்தாலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு நிறுவனம் தொழில் நடத்தும்போது யாருடைய உரிமை பாதிக்கப்படுகிறது, அதற்கு யார் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் எங்கே போய் நியாயம் கேட்பது? பாடம் முழுக்க இந்த மூன்றையும் சுற்றித்தான்.

அடிப்படை ஆவணம், ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள். மொத்தம் 31 நெறிகள். முதல் 10 அரசின் கடமையைப் பற்றியவை, 11 முதல் 24 வரை நிறுவனத்தின் பொறுப்பு, மீதி ஏழு நிவாரணம். இதை வகுத்த ஜான் ரக்கி ஓர் அரசியல் அறிவியல் பேராசிரியர். 2005இல் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அவரை இந்தப் பணிக்கு நியமித்தார். அதற்கு முன் 2003இல், நிறுவனங்கள் மீது நேரடியாகச் சட்டக் கடமைகளைச் சுமத்தும் ஒரு வரைவு ஐ.நா.வில் வந்து, நிறுவனங்களும் பல அரசுகளும் எதிர்த்ததால் அப்படியே படுத்துவிட்டது. ரக்கியின் நெறிகள் ஏன் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத மொழியில் எழுதப்பட்டன என்று கேட்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றுக்கான முயற்சி 2014இல் தனியாகத் தொடங்கி நீண்டுகொண்டே இருக்கிறது.

அப்புறம் ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்குத் தந்த வழிகாட்டுதல்கள் (1976இல் தொடங்கி 2023இல் கடைசியாகத் திருத்தப்பட்டவை), சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் அடிப்படைத் தொழிலாளர் உரிமைகள், பல நாடுகளின் சட்டங்கள், வழக்குகள். ஐஎல்ஓ பட்டியலில் சங்கம் சேரும் உரிமை, கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தை உழைப்பு ஒழிப்பு, பாகுபாடின்மை என்று நான்குதான் இருந்தன. பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது 2022இல்தான். பழைய பாடக்குறிப்பு கையில் இருந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) தானே? புதுப் பெயர் வைத்திருக்கிறார்களா?

இல்லை. சிஎஸ்ஆர் பெரும்பாலும் சம்பாதித்த லாபத்தை எப்படிச் செலவழிப்பது என்று பேசும். இந்தத் துறை அந்த லாபம் எப்படி வந்தது என்று கேட்கும். பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்ததைக் காட்டி, கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் தராததை ஈடுகட்ட முடியாது. 11ஆம் நெறியின் விளக்கவுரையே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அலுவலகத்தில் சிஎஸ்ஆர் பிரிவில் இருப்பவர்களுக்கு முதல் பருவம் கொஞ்சம் கசக்கும்.

நான் சட்டம் படித்ததில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். எல்எல்எம் (சட்ட முதுகலை) என்ற பெயரில் வரும் படிப்புகளில் சில, சட்டப் பட்டம் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. அதே பாடங்களை எம்ஏ, எம்எஸ்சி பெயரில் எடுக்கலாம். மேலாண்மைக் கல்லூரிகளும் இதைக் கற்பிக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளி 2013இலேயே இதற்குத் தனி மையம் தொடங்கியது.

தீர்ப்புகளைப் படிக்க முதலில் திணறுவீர்கள், உண்மைதான். ஆனால் இந்தத் துறையின் வழக்குகளில் பல, உள்ளே இறங்கிப் பார்த்தால், ‘இந்த முடிவை எடுத்தது யார்’ என்ற கேள்வியில்தான் நிற்கும். 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன, வேதாந்தா என்ற சுரங்க நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். சாம்பியாவில் செம்புச் சுரங்கத்துக்கு அருகில் வாழும் கிராம மக்கள், நீர் மாசுபட்டதாகச் சொல்லி, தாய் நிறுவனத்தின் மீது இங்கிலாந்தில் வழக்குப் போடலாமா என்பது பிரச்சினை. போடலாம் என்றது நீதிமன்றம். துணை நிறுவனத்தின் செயல்பாட்டில் தாய் நிறுவனம் எந்த அளவுக்குக் கை வைத்தது என்று பார்க்கும்போது, சுற்றுச்சூழல் தரங்களுக்குத் தானே பொறுப்பு என்று அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த ஆவணங்களும் கணக்கில் வந்தன. தலைமையகத்திலிருந்து வரும் ‘குழுமக் கொள்கை’ கிளையில் எப்படிச் செயல்படுகிறது, எங்கே காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்று பத்து வருடமாகப் பார்த்தவருக்கு, இந்தத் தீர்ப்பு இருபத்திரண்டு வயது சட்ட மாணவரைவிட நன்றாகப் புரியும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

விளம்பரத்தை நம்பாதீர்கள், கிரெடிட்டை, அதாவது படிப்பின் சுமையை அளக்கும் அலகை, பாருங்கள். பிரிட்டன் முறையில் ஒரு முதுகலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக 1,800 மணி நேரம். ஐரோப்பிய இசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், 60 கிரெடிட் பட்டத்துக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். இதை இரண்டு ஆண்டில் முடிக்க நினைத்தால், விடுமுறை விடாமல் படித்தாலும் வாரத்துக்குச் சுமார் 14 முதல் 17 மணி நேரம் வரும். மூன்று ஆண்டாக நீட்டினால் 10 முதல் 12.

என் கருத்தைக் கேட்டால், முழுநேர வேலையில் இருப்பவர்கள் மூன்று ஆண்டு என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், அறிக்கை சமர்ப்பிக்கும் மாதம் என்று ஒவ்வொரு வேலையிலும் தலை நிமிர முடியாத காலம் ஒன்று உண்டு. உங்கள் காலண்டரையும் பல்கலைக்கழகத்தின் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் கட்டுரைக் கெடு விழாத பாடமாகத் தேர்ந்தெடுங்கள்.

பட்டமா, சான்றிதழா, இலவசப் பாடமா?

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேறு துறைக்கு மாற வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும், ஐ.நா. அமைப்புகளில் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் முதுகலைப் பட்டம் உதவும். இருக்கும் வேலையையே தெளிவாகச் செய்ய வேண்டும் என்றால் ஒரு சான்றிதழோ, ஒரே ஒரு பாடத்தைத் தனியாக எடுப்பதோ போதும். பல இடங்களில் அப்படி எடுத்த கிரெடிட்டைப் பிறகு பட்டத்தில் சேர்த்துக்கொள்ள விடுவார்கள். சேரும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வழிகாட்டு நெறிகளை விளக்கவுரையோடு முழுதாகப் படியுங்கள், சிறிய ஆவணம்தான். பிறகு ஐ.நா. மனித உரிமைகள் ஆணையர் அலுவலகம் 2012இல் வெளியிட்ட விளக்கக் கையேடு, ஓஇசிடியின் 2018ஆம் ஆண்டு டியூ டிலிஜென்ஸ் (பாதிப்புகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் நடைமுறை) கையேடு. எல்லாமே இலவசம். டென்மார்க்கின் மனித உரிமைகள் நிறுவனம் இணையவழிப் பாடங்களும் தருகிறது. இவற்றைப் படிக்கப் படிக்க உங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தால் தைரியமாகச் சேரலாம். கொட்டாவி வந்தால் பணம் மிச்சம்.

நல்ல பாடத்திட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழிகாட்டு நெறிகளின் மூன்றாவது பகுதிக்கு, அதாவது நிவாரணத்துக்கு, எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகத் தள்ளிவிடுவார்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று பேசாத பாடம், அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். குறை கேட்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 31ஆம் நெறி எட்டு அளவுகோல்கள் தருகிறது. அவற்றை வைத்து ஒரு நிஜ அமைப்பை மதிப்பிடும் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். தொழிற்சங்கத்தினரோ சமூக அமைப்பினரோ வகுப்பெடுக்கிறார்களா என்பதும் நல்ல அடையாளம்.

வேலையில் இருப்பவர்களுக்கு இதில் மிகக் கடினமானது எது?

நேரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ‘ரிஸ்க்’ பற்றி அலுவலகம் ஊட்டி வளர்த்த பழக்கத்தைக் கழற்றி வைப்பதுதான் கடினம்.

அலுவலகத்தில் ரிஸ்க் என்றால் நிறுவனத்துக்கு வரக்கூடிய ஆபத்து: வழக்கு, அபராதம், கெட்ட பெயர், தாமதம். இந்தப் படிப்பில் ரிஸ்க் என்பது மனிதர்களுக்கு வரக்கூடிய ஆபத்து. நிறுவனத்துக்கு ஒரு பைசா நட்டம் வராவிட்டாலும், செய்தியில் ஒரு வரி வராவிட்டாலும் அது ரிஸ்க்தான். கேட்கும்போது எளிது. முதல் கட்டுரையில் பெரும்பாலான பணியாளர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். பாதி பக்கத்திலேயே ‘நிறுவனத்தின் நற்பெயர்’ நுழைந்துவிடும்.

முன்னுரிமைக் கணக்கும் மாறும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாதபோது எதை முதலில் எடுப்பது? மிகக் கடுமையான பாதிப்பை, தாமதித்தால் சரிசெய்யவே முடியாமல் போகும் பாதிப்பை என்கிறது 24ஆம் நெறி. எவ்வளவு ஆழமான பாதிப்பு, எத்தனை பேருக்கு, மீட்க முடியுமா என்ற மூன்றையும் வைத்துக் கடுமையை அளக்க வேண்டும். எந்த சப்ளையருக்கு அதிகப் பணம் போகிறது என்று வரிசைப்படுத்திப் பழகிய கொள்முதல் அதிகாரிக்கு இது தலைகீழ் உலகம். ஆண்டுக்கு ஓர் ஆர்டர் மட்டும் போகும் சின்னப் பட்டறை பட்டியலின் உச்சிக்கு வந்து உட்கார்ந்துவிடலாம்.

இரண்டு நிகழ்வுகளை எந்தப் பாடத்திலும் சந்திப்பீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்தது, 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து விழுந்த ராணா பிளாசா, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய கட்டடம். 1,134 உயிர்கள் போயின. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள்.

வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிந்தது, தையல் தொழிலாளியால் முடியவில்லை. இது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்துப் பேசச் சங்கம் இருந்ததா, ஒருநாள் கூலியை விட முடிந்ததா, ஆர்டருக்குக் கொடுத்த கெடு எவ்வளவு இறுக்கமாக இருந்தது, விலையை எவ்வளவு கீழே தள்ளியிருந்தார்கள் என்று கேள்வி கட்டடத்தை விட்டு வெளியே நடக்கத் தொடங்கும். ‘ஆடிட் ஆச்சு, சர்டிபிகேட் இருக்கு’ என்ற பதில் அங்கே செல்லாது. ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதம், ஆடை நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டதை ஏன் திருப்பம் என்கிறார்கள் என்பதும் அப்போது விளங்கும்.

என் அலுவலக அனுபவத்தைக் கட்டுரையில் எழுதலாமா?

உங்கள் மிகப் பெரிய பலமும் மிகப் பெரிய கண்ணியும் இதுதான்.

வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். உள் தணிக்கை அறிக்கை, சப்ளையர் பெயர், விலைப் பேச்சு இவை எல்லாம் அதற்குள் வரும். பெயரை மறைத்துவிட்டேன் என்பது போதாது. அந்தத் துறையில் இருக்கும் எவரும் இரண்டு விவரத்தை வைத்தே நிறுவனத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போட்டி நிறுவனத்துக்காரராகவும் இருக்கலாம். உள் ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும், சுருக்கித் தரும் செயலிகளில் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

அனுபவத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். ‘கடைசி நேரத்தில் ஆர்டர் அளவை மாற்றினால் தொழிற்சாலையில் என்ன ஆகிறது’ என்ற கேள்வி உங்கள் வேலையிலிருந்து வரட்டும். சான்றை வெளியில் தேடுங்கள்: நீதிமன்றத் தீர்ப்பு, நிறுவனங்கள் தாமே வெளியிட்ட அறிக்கைகள், ஓஇசிடியின் தேசியத் தொடர்பு மையங்களில் (அதன் வழிகாட்டுதல்கள் பற்றிய புகார்களை நாடுதோறும் கையாளும் அலுவலகங்களில்) வந்த புகார்கள், 2002 முதல் இயங்கும் பிசினஸ் அண்ட் ஹியூமன் ரைட்ஸ் ரிசோர்ஸ் சென்டர் தொகுத்து வைத்திருக்கும் தகவல் களஞ்சியம். முக்கால்வாசிக் கேள்விகளுக்கு இதுவே போதும்.

ஆய்வேட்டுக்காகத் தொழிலாளர்களிடம் பேச விரும்பினால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் அதிகாரி, அவர் விற்கும் நிறுவனத்தின் தொழிலாளி. மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ‘பேசச் சம்மதம்’ என்று சொல்வதை எவ்வளவு தூரம் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியும்? பேசியதற்காக அவருக்கு வேலை போனால் உங்கள் ஆய்வேட்டில் அது அடிக்குறிப்பாகக்கூட வராது. சந்தேகம் இருந்தால் அந்தப் பேட்டியைக் கைவிடுவதே மேல்.

நிறுவனமே கட்டணம் கட்டுகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

லாபம்தான், ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். இத்தனை ஆண்டு வேலையை விடக் கூடாது, விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஆய்வேட்டை நிறுவனம் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மாட்டார்கள் என்றால் உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பை எடுங்கள்.

சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. படிப்பு முடிவதற்குள் பழசாகிவிடாதா?

சட்டப் பட்டியல் பழசாகும். பிரிட்டன் 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தது, பெரும்பாலும் அறிக்கை வெளியிட்டால் போதும் என்ற ரகம். பிரான்ஸ் 2017இல் பெரிய நிறுவனங்கள் பாதிப்புகளைக் கண்டறிந்து தடுக்கும் விழிப்புத் திட்டம் தீட்டி நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தனக்கான டியூ டிலிஜென்ஸ் உத்தரவை நிறைவேற்றியது. அடுத்த பிப்ரவரியிலேயே ‘எளிமைப்படுத்தல்’ என்ற பெயரில் அதைச் சுருக்கும் முன்மொழிவு வந்துவிட்டது, ஏப்ரலில் தொடங்கும் நாளையே ஓராண்டு தள்ளிவைத்தார்கள்.

இவற்றை மனப்பாடம் செய்பவர் பாவம். அறிக்கை கேட்கும் சட்டம், செயலைக் கேட்கும் சட்டம், பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட வழி தரும் சட்டம் என்று வகை பிரித்துப் பார்க்கக் கற்றால் புதிதாக எது வந்தாலும் அரைமணி நேரத்தில் அதன் எலும்புக்கூடு தெரிந்துவிடும். சட்டம் தளரும்போது எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு இறங்குகிறது என்பதும் தெரியும்.

நடுவில் முடியாமல் போனால்?

பல படிப்புகளில் ஒரு பருவமோ ஓராண்டோ விடுப்பு எடுக்கலாம். குறிப்பிட்ட கிரெடிட் சேர்ந்திருந்தால் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறவும் வழி இருக்கும். அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் சேரும்போதே பார்த்துவிடுங்கள்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

‘மனித உரிமை மேலாளர்’ என்ற பலகையோடு காத்திருக்கும் நாற்காலிகள் குறைவு. பொறுப்பான கொள்முதல், விநியோகச் சங்கிலி, இணக்கம் (சட்டவிதிகளைப் பின்பற்றுவதைக் கவனிப்பது), இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்), முதலீட்டு ஆய்வு, ஆலோசனை நிறுவனம், தொழிற்சங்கம் என்று வேறு பெயர்களில்தான் இந்த வேலை ஒளிந்திருக்கும். பழைய அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குபவர்களைவிட அதன் மேல் இதை ஏற்றிக்கொள்பவர்களுக்கு வழி எளிது. சுரங்கத் துறையில் பொறியாளராக இருந்தவர் சுரங்கத்தைப் பற்றியே பேசட்டும். பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இடத்தைப் பிடிப்பது கடினம்.

படிக்கும்போதே என் நிறுவனத்தில் ஒரு பிரச்சினை கண்ணில் பட்டால் என்ன செய்வது?

உதாரணத்துக்கு, சப்ளையரிடம் சிறுவர்கள் வேலை செய்வது தெரியவருகிறது. கையோடு ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கை கழுவுவதுதான் அலுவலகத்தின் முதல் தூண்டுதலாக இருக்கும். அந்தச் சிறுவர்கள் மறுநாளே வேறு மோசமான இடத்துக்குப் போய்விடலாம். நிறுவனம் தானே பாதிப்பை உண்டாக்கியதா, அதில் பங்களித்ததா, வணிக உறவின் வழியே தொடர்பு மட்டும் இருக்கிறதா என்று 13ஆம் நெறி மூன்றாகப் பிரிக்கிறது. முதல் இரண்டிலும் நிவாரணத்தில் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மூன்றாவதில் செல்வாக்கைப் பயன்படுத்தி சப்ளையரை மாற்ற முயல வேண்டும், அது நடக்காதபோதுதான், விலகினால் என்ன ஆகும் என்பதையும் எடைபோட்டு, உறவை முறிப்பது பற்றிய பேச்சு.

வகுப்பில் கற்றதை மேலதிகாரியிடம் சொற்பொழிவாக ஆற்ற வேண்டாம். நீங்கள் பார்த்தது என்ன, எந்தத் தேதியில், இன்னும் யாருக்குத் தெரியும் என்று எழுதி வையுங்கள். நிறுவனத்தில் புகார் வழி இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். உங்கள் நாட்டில் புகார் செய்பவரைக் காக்கும் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், சில வகைக் குற்றங்களை அரசிடம் தெரிவிப்பதே கட்டாயமாகவும் இருக்கலாம். உங்களிடம் பேசிய தொழிலாளியின் பெயரை அவரைக் கேட்காமல் எந்த மின்னஞ்சலிலும் போடாதீர்கள், ‘நகல்’ வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அனுப்பும் முன் இன்னொரு முறை பாருங்கள்.